குத்திக் காசைப் படம் எடுக்க: முதலில் வெளிச்சம், கடைசியில் கமரா



இந்தக் கிழமை எபிசோட்டில் பழைய டிஜிட்டல் கமராக்களைப் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் ஒரு கேள்வியைக் கடிதத்துக்குத் தள்ளி வைச்சோம். கேட்டவர் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மப்பாவிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய நாணயங்கள் இருக்கு. இலங்கைச் சதங்கள், பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்கள், என்னவென்றே தெரியாத சில செப்புக் காசுகள். கோடை விடுமுறைக்கு லண்டன் மாமாவும் பாரிஸ் சித்தியும் வரும்போது டின்னை மூன்றாகப் பிரிக்கப் போகினம். "பிரிக்க முன்னம் எல்லாத்தையும் ஒழுங்காகப் படம் எடுத்து வைக்க விருப்பம். கையில் 400 கனடா டொலர் இருக்கு. எந்தக் கமரா வாங்கலாம்?" இதுதான் கேள்வி.

நேரடியாகச் சொன்னால், 400 டொலரையும் கமராவில் கொட்டாதீங்கோ. நாணயம் சின்னது, தட்டையானது, மினுங்குவது, அசையாதது. அசையாத பொருளுக்கு வேகமான ஓட்டோஃபோகஸ் எதற்கு? இருட்டில் எடுக்கிற திறமை எதற்கு? புதுக் கமராக்களின் விலையை ஏற்றுகிற வசதிகளில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது. உங்களுக்கு வேண்டியது வெளிச்சத்தை நினைத்த இடத்தில் வைக்கிற வசதி, ஆடாத ஒரு ஸ்டாண்ட். இந்த இரண்டும் சரியென்றால் 2011ஆம் ஆண்டுக் கமராவே தாராளம்.

ஏன் நல்ல படம் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம் நிறை. 1939 வரைக்கும் வந்தவற்றில் 91.7 வீதம் வெள்ளி. 1940இலிருந்து அது 50 வீதமாகக் குறைக்கப்பட்டது. நிறை மாறவே இல்லை. ஆகவே தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றுதான். எது எது என்று சொல்வது ஆண்டு இலக்கம், அதிலும் கடைசி இரண்டு எண்கள். அதுவும் ராஜாவின் தலை இருக்கிற பக்கத்தில் இல்லை, மற்றப் பக்கத்தில் இருக்கு. 1939 ரூபாய் கிடைப்பதே அரிது என்பதால் சேகரிப்பவர்கள் அந்த இலக்கத்தைத்தான் முதலில் தேடுவார்கள். தேய்ந்த நாணயத்தில் அந்த எண்ணைத் தெளிவாகக் காட்டாத படம் ஒன்றுக்கும் உதவாது. நகைக்கடையில் நிறையை மட்டும் பார்த்து உருக்கப் போடுகிற காசு எது, சேகரிப்பவர் தேடுகிற காசு எது என்று தெரியாமலேயே பங்கு பிரிந்துவிடும்.

படம் எடுக்க முன்னம் ஒரு எச்சரிக்கை. குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்க்காதீங்கோ. சில்வர் பொலிஷ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். வீட்டில் ஒருவர் அன்போடு தொடங்குவார், தடுத்து நிறுத்துங்கோ. பழைய நாணயத்தின் மேல் படிந்த கருமையைச் சேகரிப்பவர்கள் அழுக்காகப் பார்ப்பதில்லை. மேற்பரப்பில் தேய்ச்ச கீறல் விழுந்தால் மதிப்புக் குறையும், அதைத் திருப்பி எடுக்க ஏலாது. விளிம்பில் பிடித்துத் தூக்குங்கோ, கீழே ஒரு மெல்லிய துணியை விரியுங்கோ. அவ்வளவும் போதும்.

கையில் இருக்கிற ஃபோன்

ஒரு சதமும் செலவழிக்காமல் தொடங்கலாம். ஆனால் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள்: ஃபோனை நாணயத்துக்குக் கிட்டக் கொண்டு போவார்கள். அப்ப ஃபோன் தானாகவே மெக்ரோ மோடுக்கு மாறும். பல ஃபோன்களில் அது அகலக்கோண லென்ஸால் எடுப்பது. வட்டம் நெளியும், ஃபோனின் நிழல் காசின் மேல் விழும், வெளிச்சம் உள்ளே வர இடமே இருக்காது.

மாறாகத் தள்ளிப் போங்கோ. மெக்ரோ மோடை நிற்பாட்டிவிட்டு, நாணயத்திலிருந்து 20, 25 சென்ரிமீற்றர் உயரத்தில் ஃபோனை வைத்து, 2 மடங்கு ஸூம் போட்டு எடுத்து, பிறகு வெட்டுங்கோ. 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000க்கு 3000 பிக்சல். காசு அதன் குறுகிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பினாலே 1000 பிக்சல் விட்டம் கிடைக்கும். யாரிடமாவது காட்டி "இது என்ன காசு?" என்று கேட்க அது காணும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, நடுவில் பாலம் மாதிரி ஃபோனை வைத்தால் ஸ்டாண்டும் கிடைத்தாயிற்று.

ஃபோனில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று இருக்கு. அது படத்தைத் தன்பாட்டில் "அழகாக்கும்". கீறலை மென்மையாக்கும், விளிம்பைக் கூராக்கும், இருட்டை வெளிச்சமாக்கும். முகத்துக்கு அது பரவாயில்லை. நாணயத்தில் கீறல் இருக்கோ இல்லையோ என்பதுதான் கேள்வியே. பட்டியலுக்கு ஃபோன் சரி, முக்கியமான பத்து இருபது காசுக்கு ஒரு கமரா வேண்டும் என்பது என் கணக்கு.

வெளிச்சம்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேணும். வளையும் கழுத்துள்ள இரண்டு சின்ன எல்.ஈ.டி மேசை விளக்குகள் வாங்குங்கோ. பல்ப் பெட்டியில் சி.ஆர்.ஐ என்று ஒரு எண் போட்டிருக்கும், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 90க்கு மேல் பாருங்கோ. குறைந்த எண் என்றால் செம்பு மண்ணிறமாகச் செத்துக் கிடக்கும். இரண்டு விளக்கும் ஒரே மாதிரியாக இருக்க வேணும். அறை விளக்கை அணையுங்கோ, ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கோ. ஜன்னலின் நீலமும் பல்பின் மஞ்சளும் கலந்தால் பிறகு எந்த சொஃப்ட்வேராலும் பிரிக்க ஏலாது.

நாணயத்தை மணிக்கூடாக நினையுங்கோ. ஒரு விளக்கு 10 மணிப் பக்கம், மற்றது 2 மணிப் பக்கம். கீழே 6 மணிப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வரக்கூடாது. எங்கட மூளை வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது என்றே எதிர்பார்க்கும். கீழேயிருந்து வந்தால் ராணியின் மூக்கு வெளியே நீளாமல் உள்ளே குழிந்த மாதிரித் தெரியும். சந்தேகம் என்றால் கையில் இருக்கிற படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கோ, சிரிப்பு வரும்.

அடுத்தது உயரம். ஒவ்வொரு காசும் தனக்கென ஒரு உயரம் கேட்கும்.

புதுசாக, அச்சடித்த மினுக்கம் இன்னும் இருக்கிற வெள்ளிக் காசு இருக்கு என்று வையுங்கோ. உதாரணத்துக்கு, புத்த ஜயந்திக்காக 1957இல் இலங்கை வெளியிட்ட 5 ரூபா வெள்ளி நாணயம். கையில் வைத்துச் சாய்க்கும்போது ஒரு ஒளிக்கீற்று வட்டமாகச் சுற்றி ஓடும். அந்த ஓட்டத்தைப் படத்தில் பிடிக்க வெளிச்சம் சின்னதாக, உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து இறங்க வேணும். விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி, ட்ரேசிங் பேப்பர் என்று கட்டி வெளிச்சத்தைப் பரப்பினால் மினுக்கம் செத்துப் போகும். காசு ஈயம் மாதிரித் தெரியும். கடைகளில் விற்கிற வெள்ளைக் கூடாரங்களை நான் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம். லென்ஸைச் சுற்றிப் பூட்டுகிற ரிங் லைட்டும் அதே கதை: எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், நிழலே இல்லை, ஆகவே புடைப்பும் இல்லை.

தேய்ந்த காசுக்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயத்தை எடுங்கோ. ஒரு பக்கம் நிற்கிற உருவம், மற்றப் பக்கம் படுத்திருக்கிற எருது, அதன் கீழ் தமிழ் எழுத்தில் "சேது". நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த செம்பு. உயரத்திலிருந்து வெளிச்சம் போட்டால் ஒரு கறுத்த வட்டம் மட்டும்தான் தெரியும். ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை மேசையோடு ஒட்டிப் பதித்து, பக்கவாட்டில் அடியுங்கோ. மில்லிமீற்றரில் ஒரு பங்கு உயரம் மட்டுமே மிச்சம் இருக்கிற எழுத்தும் நிழல் விழுத்தும். விளக்கை மெல்ல மெல்ல நாணயத்தைச் சுற்றி நகர்த்திப் பாருங்கோ. ஒரு கோணத்தில் "சே" எழும்பும், இன்னொரு கோணத்தில் "து". இரண்டையும் தனித்தனிப் படமாக எடுத்து வைப்பதில் பிழையில்லை. "என்னவென்று தெரியாத செப்புக் காசு" என்று ஒதுக்கப்பட்டவை எல்லாத்தையும் ஒருமுறை இப்படிப் பாருங்கோ. டின்னில் ஆகப் பழைய காசு அந்த ஒதுக்கின குவியலில் கிடக்கலாம்.

மூன்றாவது ஒரு முறை, கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற காசுக்கு. பழைய போட்டோ ஃபிரேமிலிருந்து மெல்லிய கண்ணாடியைக் கழற்றி, நாணயத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் 45 பாகை சரிவில் நிறுத்துங்கோ. விளக்கைப் பக்கவாட்டில், கண்ணாடியை நோக்கி வையுங்கோ. வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேராகக் கீழே இறங்கி, நாணயத்தில் தெறித்து, அதே கண்ணாடிக்குள்ளால் லென்ஸுக்கு ஏறும். விளக்கிலிருந்து நேரடியாகக் காசில் விழுகிற வெளிச்சத்தை ஒரு கறுப்பு அட்டையால் மறையுங்கோ, கண்ணாடிக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு கறுப்பு அட்டை. தடித்த கண்ணாடி இரட்டை விளிம்பு காட்டும், அதனால் மெல்லியதே நல்லது. விரலை வெட்டிக் கொள்ளாமல் விளிம்புக்கு டேப் ஒட்டுங்கோ.

ஆடாத ஸ்டாண்ட்

கீழே பார்த்து எடுக்க ட்ரைபொட் அவ்வளவு வசதியில்லை. கால்கள் இடைஞ்சல், படுக்கைவாட்டில் கை நீட்டினால் முன்பக்கம் பாரம் கூடி ஆடும். என் தெரிவு, இருட்டறையில் ஃபிலிம் படம் கழுவிய காலத்து என்லாஜர். இருட்டறைகள் மூடப்பட்டதால் இவற்றை வீட்டு பேஸ்மென்டிலிருந்து எடுத்துக் கொண்டு போனால் காணும் என்று விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கினம். தலையைக் கழற்றுங்கோ. பாரமான பலகையும், தடித்த தூணும், மேலே கீழே ஓடுகிற கையும் மிஞ்சும். கமராவின் அடியில் இருக்கிறது கால் அங்குல ட்ரைபொட் புரி. அதற்கான ஆணி எந்த ஹாட்வேர் கடையிலும் கிடைக்கும்.

கமரா நாணயத்துக்குச் சரியாகச் சமாந்தரமாக இருக்கோ என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு போதும். நாணயம் வைக்கிற இடத்தில் முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்து, திரையில் பாருங்கோ. லென்ஸ் தன்னைத்தானே பார்க்கும். லென்ஸின் பிம்பம் திரையின் சரி நடுவில் வந்தால் நேர். ஒரு பக்கம் தள்ளி நின்றால் சரிவு. மட்டம் பார்க்கிற கருவியை விட இது நம்பிக்கை, மேசையே சரிவாக இருந்தாலும் வேலை செய்யும்.

இனிக் கமரா

பழைய, கையால் வாங்குகிற டி.எஸ்.எல்.ஆர். லைவ் வியூ கட்டாயம் வேணும், மடக்குகிற திரை இருந்தால் கழுத்து நோகாது. நான் சொல்வது கனன் ரெபெல் டி3ஐ மாதிரி ஒன்று. 2011இல் வந்தது, 18 மெகாபிக்சல். லண்டன், பாரிஸ் பக்கம் தேடுகிறவர்கள் 600டி என்று தேடுங்கோ, அதே கமராதான். கனனின் கொம்பியூட்டர் மென்பொருள் இலவசம். யு.எஸ்.பி வயரால் இணைத்தால் படத்தைப் பெரிய திரையில் பார்த்து, ஃபோகஸ் பிடித்து, மௌஸாலேயே எடுக்கலாம். கமராவைத் தொடவே தேவையில்லை. அம்மப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொரு காசையும் பெரிசாகப் பார்க்கலாம். அவருடைய கண்ணுக்கும் அது நல்லது.

நிக்கோன் டி90 போன்ற 12 மெகாபிக்சல் கமரா வீட்டில் யாரிடமாவது கிடக்கிறதென்றால் அதை எடுங்கோ, புதுசு வாங்காதீங்கோ.

இப்ப லென்ஸ். எல்லாரும் மெக்ரோ லென்ஸ் கட்டாயம் என்பார்கள். கணக்கைப் பார்ப்போம், சின்னக் கணக்குத்தான். இந்தக் கனன் சென்சரின் உயரம் 14.9 மில்லிமீற்றர், அதில் 3456 பிக்சல். கமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸ் பொருளை மூன்றில் ஒரு பங்கு அளவில் சென்சரில் விழுத்தும். 24 மில்லிமீற்றர் காசு, அதாவது கனடா குவாட்டர் அளவு, சென்சரில் 8 மில்லிமீற்றராக விழும். பிக்சலில் 1850க்கு மேல். மொனிட்டரில் பார்க்க, அச்சடிக்க, விலை கேட்க, இது தாராளம். ஆகவே கிட் லென்ஸோடு தொடங்குங்கோ. 55இல் வைத்து, எஃப் 8இல்.

அது காணாது என்று தோன்றினால் மாத்திரம் அடுத்த படி. பழைய மனுவல் லென்ஸான மைக்ரோ நிக்கோர் 55 நல்ல தெரிவு. தனியாக அரைப் பங்கு அளவு வரைக்கும் போகும், ஒரு மலிவான வளையத்தால் கனனில் பூட்டலாம். 18 மில்லிமீற்றர் காசுகூட இதில் 2000 பிக்சலைத் தாண்டும். ஓட்டோஃபோகஸ் இல்லை, ஆனால் அசையாத காசுக்கு அது தேவையுமில்லை. காசு கொஞ்சம் கூட இருந்தால் 100 மில்லிமீற்றர் மெக்ரோ. இதன் லாபம் தூரம். முழு அளவில் எடுக்கும்போது கனன் 60 மெக்ரோவுக்கு முன்னால் சுமார் 9 சென்ரிமீற்றர் இடம்தான் இருக்கும், 100 மெக்ரோவுக்குச் சுமார் 15. விளக்கை உயரத்தில் கொண்டு வர, கண்ணாடியைச் சரிவாக வைக்க, அந்த 6 சென்ரிமீற்றர் பெரிய விஷயம்.

யு.எஸ்.பி மைக்ரோஸ்கோப் கேட்டு எழுதின இன்னொருவருக்கும் பதில்: ஒரு எழுத்தை, ஒரு கீறலை ஆராய நல்லது. முழுக் காசுக்கு வேண்டாம்.

பழைய பொருள் வாங்கும்போது லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கோ. சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் தெரிந்தால் பூஞ்சணம், விட்டுவிடுங்கோ. சார்ஜரும் பற்றரியும் சேர்த்துத் தாறாரோ என்று கேளுங்கோ, தனியே வாங்கினால் வாங்கின லாபம் அதில் போய்விடும். டிம் ஹோர்ட்டன்ஸில் சந்தித்து, கோப்பிக் கப்பின் மேலுள்ள எழுத்தை லைவ் வியூவில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் குடுங்கோ.

செட்டிங் அதிகம் இல்லை. மனுவல் மோட், ஐ.எஸ்.ஓ 100, எஃப் 5.6 அல்லது 8. எஃப் 16, 22 என்று போனால் எல்லாம் கூராக வரும் என்று நினைக்கத் தோன்றும். கிட்டத்தில் எடுக்கும்போது நேர்மாறாக மங்கத் தொடங்கும். 2 செக்கன் டைமர், ரோ கோப்பு. லைவ் வியூவில் 10 மடங்கு பெருப்பித்து, எழுத்தின் விளிம்பில் ஃபோகஸ் பிடியுங்கோ. வெள்ளைச் சமநிலைக்கு ஒரு சாம்பல் அட்டையை அதே வெளிச்சத்தில் எடுத்து வையுங்கோ. பிறகு டார்க்டேபிள் அல்லது ரோதெரப்பி, இரண்டும் இலவசம். ஷார்ப்னஸைக் கூட்டிக் கூட்டி இல்லாத விபரத்தை உண்டாக்க வேண்டாம், வாங்குகிறவர் காசைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும்.

400 டொலரை நான் இப்படிப் பிரிப்பேன்: விளக்குக்கும் பல்புக்கும் 60, ஸ்டாண்டுக்கு 50, கிட் லென்ஸோடு பழைய கமராவுக்கு 150க்குள், 0.01 கிராம் வரை காட்டுகிற சின்னத் தராசுக்கு 20. மிச்சம் 120. முதல் 50 காசை எடுத்து முடிக்கும் வரைக்கும் அதைத் தொடாதீங்கோ. லென்ஸ்தான் குறை என்று அப்பவும் தோன்றினால் மைக்ரோ நிக்கோரைத் தேடுங்கோ.

வேலை செய்கிற ஒழுங்கு ஒன்று இருக்கு. காசுகளை அளவு வாரியாகப் பிரித்து, ஒரே அளவை ஒரே மூச்சில் எடுங்கோ. 1909இலிருந்து வந்த சதுர 5 சதம் எல்லாம் ஒரு குவியல், 1944இலிருந்து வந்த நெளிவு விளிம்பு 2 சதம் இன்னொரு குவியல். ஸ்டாண்டை ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்கத் தேவையில்லை. ஒவ்வொரு காசுக்கும் ஒரு இலக்கம், அதே இலக்கம் ஒரு சின்னத் தாளில், தாளும் காசும் ஒரே உறையில். உறை வாங்கும்போது பி.வி.சி இல்லாதது என்று பார்த்து வாங்குங்கோ, மெத்தென்ற பி.வி.சி உறை நாளடைவில் காசில் பச்சையாகப் படியும். கோப்பின் பெயர் 014-முன், 014-பின் என்று இருக்கட்டும். நிறையும் விட்டமும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில், ஏனென்றால் படத்தில் நிறை தெரியாது. விலை போகக்கூடிய காசு என்றால் விளிம்பையும் ஒரு படம் எடுங்கோ. அச்சில் வார்த்த போலிகளில் பொருத்தின கோடு சில வேளை அங்கேதான் காட்டிக் குடுக்கும்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இன்னொரு நிரல் சேருங்கோ: "எங்கேயிருந்து வந்தது". இதை அம்மப்பாவிடம்தான் கேட்க வேணும். படம் எடுக்கும்போது ஃபோனில் வோய்ஸ் நோட்டைப் போட்டுவிட்டு, தொடங்கும்போது "இலக்கம் 14" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கோ. சில காசுக்கு "ஞாபகம் இல்லை" என்பார், அதையும் அப்படியே எழுதுங்கோ. ஒலிக் கோப்புக்கும் அதே 014. பங்கு பிரிக்கிற நாளுக்கு முன்னம் படங்கள், ரோ கோப்புகள், ஒலி, ஸ்ப்ரெட்ஷீட் எல்லாத்தையும் மூன்று யு.எஸ்.பியில் போட்டு, மூன்று வீட்டுக்கும் ஒவ்வொன்று குடுங்கோ. 014 லண்டனுக்குப் போனாலும் பாரிஸுக்குப் போனாலும் அதன் கதை எல்லா வீட்டிலும் இருக்கும்.